அந்தச் செடிதானா இது?

கல்லீரலுக்குக் கீழாநெல்லி நல்லது என்பது தமிழ்நாட்டில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் போதும். பக்கத்து வீட்டு ஆச்சி முதல் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர் வரை அதைத்தான் சொல்வார்கள். சிவகிரி வட்டாரத்தில் அதைத் தேடி அலையவும் வேண்டாம். ஐப்பசி மழை இரண்டு விழுந்துவிட்டால் வயல் வரப்பிலும் தோட்டத்து வாய்க்கால் ஓரத்திலும் முளைத்துக் கிடக்கும். ஆனால் பிடுங்கிக்கொண்டு வந்தது கீழாநெல்லிதானா என்று கேட்டால், உறுதியாகப் பதில் சொல்லக்கூடியவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

காரணம், கீழாநெல்லிக்கு உறவுக்காரச் செடிகள் பல. ஒரே வரப்பில் கலந்து முளைப்பவை. கீழாநெல்லியின் நடுத்தண்டில் இலை தெரியாது. பக்கவாட்டில் கிளம்பும் மெல்லிய கிளைகளில்தான் இரண்டு வரிசையாகச் சிற்றிலைகள் அடுக்கியிருக்கும். அந்த இலைகளுக்கு அடியில் வழவழப்பான காய்கள் சிறு காம்போடு தொங்கும். செங்கீழாநெல்லிக்கும் காய் அடியில்தான். ஆனால் அதன் தண்டில் சிவப்பு ஓடியிருக்கும். காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலாநெல்லிக்கு நடுத்தண்டிலேயே இலை உண்டு. அடியில் குறுகி நுனியில் அகன்ற இலை. இன்னொரு வகை இருக்கிறது. அதன் இலை சற்று ஒடுங்கலாக இருக்கும். மற்றபடி அச்சு அசல் கீழாநெல்லிதான். கடுகளவு பூவைக் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் அதற்கு ஆறு இதழ், உண்மையான கீழாநெல்லிக்கு ஐந்து.

இதெல்லாம் தாவரவியல் வகுப்பறைக்கு மட்டும் உரிய நுணுக்கம் என்று நினைப்பவர்கள் 1988ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்த ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பரூக் புளம்பெர்க்கும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். அந்த வைரஸை உடலில் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்ததில், 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்றுப் பொடி கொடுக்கப்பட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நடந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்ற விவாதத்தில் எழுந்த முதல் கேள்விகளில் ஒன்று, எல்லோரும் ஒரே செடியைத்தான் பயன்படுத்தினார்களா, எந்த மண்ணில் எந்தப் பருவத்தில் பறித்தது என்பதுதான். கீழாநெல்லியின் திறன் இன்றும் முடிந்த முடிவாகவில்லை. கல்லீரல் நோய் வந்தவர் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

2010இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு நேராகக் கடைக்கே போனது. தென்னிந்தியாவில் 25 நாட்டு மருந்துக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்றதை வாங்கி, உருவத்தையும் மரபணுவையும் வைத்துச் சோதித்தார்கள். நான்கில் மூன்று பங்குச் சரக்கு ஏறக்குறைய முழுதுமே உண்மையான கீழாநெல்லி. மிச்சம் ஒரு பங்கில் இருந்தவை வேறு ஐந்து இனங்கள். கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்வதற்கில்லை. பறித்தவருக்கு வித்தியாசம் தெரியவில்லை, வாங்கிய மொத்த வியாபாரிக்கும் தெரியவில்லை, காய்ந்து சுருண்ட பிறகு யாருக்குமே தெரியாது.

செடியின் பெயரையும் அதன் பயனையும் தெரிந்துவைத்திருப்பது பாதி அறிவு. அதைப் போலவே இருக்கும் இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டத் தெரிவதுதான் மீதிப் பாதி. தமிழ்நாட்டில் முதல் பாதி பெருகிக்கொண்டே போகிறது. கைப்பேசியைத் திறந்தால் மூலிகைக் காணொளிகள் வந்து கொட்டுகின்றன. இந்த நோய்க்கு இந்த இலை, அந்த வலிக்கு அந்த வேர். இரண்டாம் பாதியோ ஆச்சிகளோடும் ஆடு மேய்ப்பவர்களோடும் மறைந்துகொண்டிருக்கிறது. முதல் பாதி மட்டும் தனியாக வளர்வது ஆபத்து.

இரண்டாம் பாதியை மீட்க ஒரே வழி, செடி நிற்கும் இடத்துக்கு நடந்து போவது. அதற்கு சிவகிரியைப் போல வாய்ப்பான ஊர் அதிகம் இல்லை.

திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலையில் ராஜபாளையத்துக்கும் வாசுதேவநல்லூருக்கும் இடையில் இருக்கிறது சிவகிரி. முன்பு சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த ஊர். இப்போது தனி வட்டம். 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது நெல்லையிலிருந்து அதோடு சேர்ந்தது. மேற்கே பார்த்தால் மலை எழுந்து நிற்கிறது. கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் கரிசல் பூமி. தென்மேற்குப் பருவத்தில் கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் மேகம் இந்தப் பக்கம் பெரும்பாலும் சாரலாகவும் காற்றாகவும்தான் வந்து சேரும்; ஊருக்கு உண்மையான மழை ஐப்பசி, கார்த்திகையில். கரிசல் செடி, நஞ்சை வரப்புச் செடி, கண்மாய்க் கரைச் செடி, முள்காட்டுச் செடி, பாறைச் செடி, அதற்கு மேல் இலையுதிர் காட்டு மரங்கள் என்று சில மைல் தூரத்துக்குள் இத்தனையும் அடுத்தடுத்து வருவதற்கு இந்த அமைப்புதான் காரணம். உச்சிக்குப் போனால் சோலைக்காடு. பெரிய நகரத்தில் இருப்பவர் இதைப் பார்க்கப் பல ஊர் சுற்ற வேண்டும்.

இந்த வட்டாரத்துக் கோயில்களே செடிகொடிகளால் அறியப்பட்டவை. சங்கரன்கோவிலுக்குப் புன்னைவனம் என்று ஒரு பெயர் உண்டு. சங்கரநாராயணர் கோயிலின் தல மரம் புன்னை. கரிவலம்வந்தநல்லூர் பால்வண்ணநாதருக்குக் களா. ஆடித் தபசுக்கு சங்கரன்கோவிலில் கூடும் கூட்டத்தில் புன்னையைப் பார்த்ததும் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? புன்னை, கடலோர மணலில் இயல்பாக வளரும் மரம். இலை தடிப்பாக, பளபளப்பாக இருக்கும். அதன் பக்க நரம்புகள் மிக நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். அந்த நரம்பை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. பிரித்தறிவது என்பது இப்படிப்பட்ட ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொள்வதுதான்.

கண்மாய்க் கரையில் நடக்கத் தொடங்கினால் முதலில் வருபவை யாவருக்கும் பழகியவை: எருக்கு, ஆவாரை, துத்தி, நாயுருவி, குப்பைமேனி, தும்பை. தும்பையின் தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் உருளாது, அது சதுரம். இலைகள் எதிரெதிரே இருக்கும். துளசி, பேய்மிரட்டி, கற்பூரவள்ளி எல்லாம் இதே சதுரத் தண்டுக் குடும்பம். ஒரு குழந்தைக்கு இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் பெயர் தெரியாத இன்னொரு செடியைக் கண்டாலும் “இது துளசி வீட்டுச் செடி” என்று அது சொல்லிவிடும். கிள்ளினால் பால் வருகிறதா, இலை எதிரெதிரே இருக்கிறதா மாறிமாறி இருக்கிறதா, தனி இலையா கூட்டிலையா, காம்படியில் செதில் இருக்கிறதா, கசக்கினால் என்ன வாசனை என்று பார்த்துக்கொண்டே போனால், பூ இல்லாத காலத்திலும் பாதி தூரம் வந்துவிடலாம்.

கரை முடிந்து முள்காடு தொடங்கும் இடத்தில் சூரை, காரை, ஆதண்டை, விடத்தலை, உசில், மஞ்சணத்தி. அங்கிருந்து பாறைச் சரிவில் வெப்பாலை.

வெப்பாலையிடம் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். சொரி, செதில் நோய்க்கு வெப்பாலைத் தைலம் என்று சித்த மருத்துவத்தில் பெயர் பெற்ற மரம். பச்சை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாக மாறும். ஒரு காலத்தில் இந்த இலையிலிருந்து அவுரிச் சாயம்போல் நீலச் சாயம் எடுத்தார்கள். சன்னபட்ணத்து மரப் பொம்மைகள் இதன் வெள்ளை மரத்தில் கடைந்தவை. இதே காட்டு வகையில் குடசப்பாலையும் வளரும். இரண்டும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் பால் உண்டு, எதிரெதிர் இலை உண்டு, வெள்ளைப் பூ உண்டு, நீள நீளமாகக் காய் உண்டு. ஆனால் சீதபேதிக்கு மருந்தாகிற பட்டை குடசப்பாலையுடையது. அதன் வேலையைச் செய்யும் கோனெசின் என்ற வேதிப்பொருளுக்குப் பேர்போனதும் அதுவே. சந்தையில் வெப்பாலைப் பட்டை அதற்குப் பதிலாக வந்து சேர்வது மருந்துச் சரக்கு ஆய்வாளர்கள் நெடுங்காலமாக எச்சரித்துவரும் குழப்பம். காய்ந்த பட்டையை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிப்பதற்கு நுண்ணோக்கி வேண்டும். மரத்தடியில் நின்றால் நொடியில் பிரித்துவிடலாம். வெப்பாலைப் பூவின் தொண்டையில் வெள்ளை நார்க் குஞ்சம் இருக்கும். குடசப்பாலைப் பூவில் அது கிடையாது. வெப்பாலைக் காய்கள் இரண்டிரண்டாகத் தொங்கி, நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். குடசப்பாலைக் காய்கள் தனித்தனியே விலகித் தொங்கும்.

சந்தையில் தீராத குழப்பம், மரத்தடியில் தீர்ந்துபோகிறது. செடி நடையின் முழுப் பயனும் இதில் இருக்கிறது.

ஆவாரையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘திருநெல்வேலி சென்னா’ என்ற பெயரில் ஐரோப்பிய மருந்துக் கடைகள் வரை போன சரக்கு, நம்முடைய நிலாவாரை. மலச்சிக்கலுக்கான மருந்து. 19ஆம் நூற்றாண்டிலிருந்து திருநெல்வேலிச் சீமையில் பயிராகி, தூத்துக்குடி வழியாகக் கப்பல் ஏறியது. அந்தச் சரக்கில் ஆவாரை இலை கலந்து வருவதை மேலைநாட்டு மருந்தியல் நூல்கள் தனியாகப் பெயரிட்டுக் குறித்துவைத்தன. கலப்பைக் கண்டுபிடிக்கக் கந்தக அமிலம் விட்டு நிறம் சிவக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் சொல்லின. சிவகிரிச் சாலையோரத்தில் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். ஆவாரையின் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், காது மடல் வடிவில் பெரிய இலைச் செதில் ஒன்று உதிராமல் ஒட்டியிருக்கும். நிலாவாரைக்கு அப்படி இல்லை. ஆயிரம் தடவை ஆவாரம்பூ பறித்தவர்களில் பலர் அந்தச் செதிலைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இதுவரை சொன்னவற்றில் தவறினால் மருந்து வேலை செய்யாது, அவ்வளவுதான். தவறினால் உயிரே போகும் செடிகளும் இதே பாதையில் நிற்கின்றன.

கரிசல் தரிசில் தரையோடு படரும் ஆடுதின்னாப்பாளை அதில் முதன்மையானது. சிறுநீரக வடிவ இலை, குழல் போன்ற கருஞ்சிவப்புப் பூ, குமட்டும் வாடை. எதையும் விட்டுவைக்காத ஆடு இதை விட்டுவைக்கும். மலையடிவார வேலிகளில் ஏறும் ஈச்சுரமூலியும் இதே இனக்குழுதான். பெருமருந்து என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. பூச்சிக்கும் விஷக்கடிக்கும் இவற்றைக் கிராமங்களில் நெடுங்காலம் பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்தக் குழுவில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை மெல்ல மெல்ல அழிப்பது. பிறகு புற்றுநோயையும் கொண்டுவருவது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வரிசையில் இதை வைத்திருக்கிறது.

அது தெரியவந்த கதை நம் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் கேட்க வேண்டியது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்கச் சிகிச்சை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் பழுதானது. மருத்துவர்கள் துருவியபோது காரணம் மாத்திரையில் இருந்தது. அதில் சேர வேண்டிய சீன மூலிகை ஒன்று. சீன மொழியில் கிட்டத்தட்ட அதே பெயரில் வழங்கும் இன்னொரு மூலிகை, ஆடுதின்னாப்பாளையின் உறவுச் செடி, அதற்குப் பதிலாக வந்துவிட்டது. 1993இல் இது மருத்துவ இதழில் வெளியானது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். பலருக்குச் சிறுநீரக மாற்று அறுவை செய்ய வேண்டியிருந்தது. பால்கன் நாடுகளில் டான்யூப் நதியோரக் கிராமங்களைத் தலைமுறை தலைமுறையாக வதைத்த சிறுநீரக நோய்க்கும், கோதுமை வயலில் களையாக முளைத்துத் தானியத்தோடு கலந்த இதே குழுச் செடிதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது.

பிரஸ்ஸல்ஸ் தூரத்து ஊர். டெல்லி அருகில்தான். 1998இல் அங்கே கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்து அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். மஞ்சள் பூவும் முள் இலையுமாக நம் சாலையோரக் குப்பைமேட்டில் நிற்கும் அதே பிரம்மதண்டு. அதன் விதை கடுகைப் போலவே இருக்கும். நம் மாநில மலர் செங்காந்தளின் கிழங்கை, உண்ணும் கிழங்கென்று எண்ணித் தின்று இறந்தவர்களைப் பற்றி இலங்கை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதிலிருக்கும் கோல்கிசின், அளவோடு கொடுத்தால் கீல்வாதத்துக்கு மருந்து. கிழங்காகத் தின்றால் மரணம்.

இதைச் சொல்வது செடியைக் கண்டு பயப்படுவதற்காக அல்ல. ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளரும் புழுதான் சிவந்த உடலும் கறுத்த சிறகுமான அழகிய வண்ணத்துப்பூச்சியாகிறது. செடியின் நஞ்சே அதற்குக் கவசம், பறவைகள் அதைத் தொடுவதில்லை. அந்தச் செடி அங்கே நிற்க வேண்டும். எது என்று நமக்குத் தெரிந்தும் இருக்க வேண்டும்.

கைப்பேசிச் செயலி இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது, நல்ல கருவிதான். 2008இல் அமெரிக்காவில் மாணவர்கள் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட், 2013இல் பிரான்சிலிருந்து வந்த பிளான்ட்நெட், நம் நாட்டின் இந்தியப் பல்லுயிர்த் தளம் ஆகியவை செய்திருப்பது பெரிய காரியம். படத்தைப் பார்த்துக் குடும்பத்தைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். இனத்தைச் சொல்வதில்தான் சறுக்கும். உலகமெங்கும் தோட்டத்தில் வளரும் செடிகளுக்கு லட்சக்கணக்கில் படம் இருக்கிறது. வாசுதேவநல்லூர்ச் சரிவில் வளரும் புதருக்கு எத்தனை படம் இருக்கும்? மேலும் நம்மவர்கள் எடுப்பது ஓர் இலையின் படம். முழுச் செடி, இலையின் இரு பக்கம், தண்டு, பூ, காய் என்று தனித்தனியாக எடுத்தால் அந்தத் தளங்களில் இருக்கும் தாவரவியலாளர்கள் பெயரைத் திருத்தித் தருவார்கள். செயலி சொன்னதை நடைக்கு ஒரு துப்பாக வைத்துக்கொள்ளலாம். அதை நம்பி எந்த இலையையும் வாயில் வைக்கக் கூடாது.

செயலியைவிட நம்பத்தக்கவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மலையடிவாரத்தில் வாழும் பளியர் குடிகளுக்கு இந்தக் காட்டின் கிழங்கும் பட்டையும் தேனடை தொங்கும் மரமும் பிறவியிலேயே பழக்கம். தெற்கே அகத்தியர் மலையில் வாழும் காணி மக்களின் கதை உலகறிந்தது. 1987இல் மலையேறிய விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டியாக வந்த காணிகள் களைப்பில்லாமல் நடந்தபடி ஏதோ ஒரு காயை மென்றுகொண்டிருந்தார்கள். அது என்ன என்று துருவியதில் தெரியவந்ததுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கி, வந்த உரிமத் தொகையில் பாதியைக் காணிகளுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தது. காட்டு மக்களின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகம் அதைப் பேசியது. பின்னால் அதில் சிக்கல்கள் வந்தன என்றாலும், அந்த அறிவு யாருடையது என்பதை அது அழுத்தமாகச் சொல்லிவிட்டது.

இந்த மலைத்தொடருக்கு அறிஞர்கள் வராமல் இல்லை. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1830களில் பாளையங்கோட்டையில் பணியிலிருந்தபோது குற்றாலத்துச் செடிகளைச் சேகரித்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாவரப் படங்களை வெளியிட்டார். அந்தப் படங்களை வரைந்தவர்களில் முக்கியமான இருவர் ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார். கடுகளவு பூவைப் பிரித்து அதன் ஒவ்வொரு பாகத்தையும் தனியே வரைந்த கைகள் அவை. திருச்சியில் ராபினா உலர்தாவரக் கூடத்தை அமைத்த அருள்தந்தை கே.எம். மேத்யூ தமிழகச் சமவெளித் தாவரங்களுக்குப் பெரும் நூல் வரிசையையே தந்தார். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அறிவு இருக்கிறது. ஆங்கிலத்திலும் லத்தீனிலும், நூலக அலமாரியிலும் இருக்கிறது. சிவகிரி அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளையின் கைக்கு அது இன்னும் வரவில்லை. ஒரு வட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில், அந்த வட்டத்தில் வழங்கும் பெயரோடு, படத்தோடு, ஒத்த தோற்றச் செடிகளைப் பக்கத்தில் வைத்துக் காட்டும் ஒரு சிறு கையேடு தமிழில் வேண்டும். கபிலர் 99 பூக்களுக்குப் பெயர் சொன்னதில் பெருமைப்படுகிறோம். அவற்றுள் சில எந்தப் பூ என்பதில் அறிஞர்கள் இன்றும் உடன்படவில்லை. இன்று நாம் சொல்லும் பெயர்களுக்கும் அந்த நிலை வர விடக் கூடாது.

பிரித்தறியத் தெரியாத ஊர், காட்டையும் காப்பாற்ற முடியாது. நீலகிரி, சத்தியமங்கலம் காடுகளில் அந்நிய நாட்டு மஞ்சள் கொன்றை பரவி, யானைக்கும் மானுக்கும் தீனியில்லாமல் செய்துவிட்டது. அழகான கொன்றை மரம் என்று முதலில் நட்டவர்கள் மனிதர்கள்தான். நம் சரக்கொன்றையின் பூங்கொத்து கீழ்நோக்கிச் சரம்சரமாகத் தொங்கும். மஞ்சள் கொன்றையின் கொத்து மேல்நோக்கி நிற்கும். அதைப் பார்த்துச் சொல்ல ஆள் இருந்திருந்தால் கன்றிலேயே பிடுங்கியிருக்கலாம். 2022இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கையே வகுத்து, பணம் செலவழித்து மரம் மரமாக வெட்டிக்கொண்டிருக்கிறது. உண்ணிச்செடி, பார்த்தீனியம், சீமைக்கருவேலம் என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வோர் ஊர் எல்லையிலும் புதுச்செடி ஒன்று முளைத்ததும் “இது நம்ம செடி இல்லையே” என்று சொல்லும் கண் இருந்தால் அதுவே முதல் காவல்.

இதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அந்தக் குழு ஊர் மக்களைக் கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். பல மாநிலங்களில் இது காகிதத்தோடு கிடந்ததால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் கெடு வைத்தது. 2020 ஜனவரிக்குள் முடிக்காத மாநிலங்கள் மாதத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. கெடுவுக்குப் பயந்து அவசரமாக நிரப்பப்படும் பதிவேடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஊரின் பட்டியலைப் பார்த்து இன்னோர் ஊருக்கு எழுதிவிடலாம். நடந்து, பார்த்து, தெரிந்தவரைக் கேட்டு எழுதினால் மட்டுமே அதற்கு மதிப்பு.

காட்டுக்குள்ளே போக வேண்டியதும் இல்லை. சிவகிரிக்கு மேற்கே உள்ள மலைக்காடு நெல்லை வனவிலங்கு சரணாலயத்துக்கு உட்பட்டது; அனுமதியின்றி நுழைவதும் ஒரு கொப்பை ஒடிப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். யானை நடமாடும் காடு அது. மருந்துக்கென்று வேரோடு பிடுங்கும் கூட்டம் ஏற்கெனவே போதும். குற்றாலச் சீசனில் பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் முடவாட்டுக்கால் எனும் பெரணியின் தண்டு கூடை கூடையாக விற்பனைக்கு வருவதைப் பார்க்கிறோம். செடி நடைக்குக் கண்மாய்க் கரையும் புறம்போக்கு முள்காடும் முருகன் கோயில் குன்றும் போதும். கையில் கைலென்ஸ், நோட்டு, பென்சில். பறிக்காமல் பார்ப்பதே விதி.

சென்னையில் ‘நிழல்’ அமைப்பினர் கோட்டூர்புரம் மரப்பூங்காவிலும் தெருக்களிலும் பல ஆண்டுகளாக மரம் பார்க்கும் நடைகளை நடத்துகிறார்கள். விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் வருகிறார்கள். கான்கிரீட் நகரத்தில் முடிவது மலையடிவாரத்தில் ஏன் முடியாது? சிவகிரியில் ஆள் கூட்டுவதும் கடினமில்லை. அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பாளையங்கோட்டையிலிருந்து சித்த மருத்துவ மாணவர்களையும் தாவரவியல் மாணவர்களையும் அழைக்கலாம். பளியர் பெரியவர்களுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் அன்றைக்கு ஆசிரியருக்குரிய மரியாதையும் உரிய கூலியும் கொடுக்க வேண்டும். சும்மா வந்து சொல்லிவிட்டுப் போ என்று கேட்பது அநியாயம்.

கார்த்திகையில் மழை விட்டதும் சிறு பூண்டுகள் பூத்திருக்கும். அப்போது ஒரு நடை. பங்குனி, சித்திரையில் வெப்பாலையும் சரக்கொன்றையும் பூக்கும்போது இன்னொன்று. ஒவ்வொரு நடையிலும் ஒத்த தோற்றமுள்ள ஐந்து ஜோடிச் செடிகளைப் பிரித்துக் காட்டினால் போதும். பார்த்ததை அன்றே பல்லுயிர்ப் பதிவேட்டில், ஊர்ப்பெயரோடும் படத்தோடும் ஏற்ற வேண்டும். அதன் ஒரு பிரதி கிளை நூலகத்தில் எவரும் புரட்டிப் பார்க்கும்படி இருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு தெருவிளக்குக் கம்பத்தின் செலவைத் தாண்டாது. சிவகிரி பேரூராட்சி மன்றம் வரும் ஐப்பசி மழைக்கு முன்பே இதற்கான தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டும். வாசுதேவநல்லூரும் புளியங்குடியும் சங்கரன்கோவிலும் அதைப் பார்த்துத் தங்கள் ஊரில் தொடங்க வேண்டும்.